தம்பி ரேஸ் டிரைவர், ஐரோப்பா சீட்டுக்காக அப்பா மனையை விற்கப் போகிறார். வழி இருக்கிறதா?

அல்சூர்_அக்கா (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ரேஸ் உலகம் தெரிந்த பலர் இங்கே இருப்பதால் கேட்கிறேன். தம்பிக்கு 23 வயது. கார்ட்டிங்கில் ஆரம்பித்து ஃபார்முலா எல்ஜிபி 4 (நம் நாட்டில் நடக்கும் ஒற்றை இருக்கை கார் பந்தயம்) வரை வந்திருக்கிறான். ஸ்ரீபெரும்புதூர் டிராக்கிலும் கோவை காரி ஸ்பீட்வேயிலும் போடியம் ஏறியிருக்கிறான், ஒரு ரேஸ் ஜெயித்தும் இருக்கிறான். வார நாட்களில் பெங்களூரிலேயே ஒரு கார்ட்டிங் டிராக்கில் இன்ஸ்ட்ரக்டர். அந்தச் சம்பளம் டயருக்கே போதவில்லை. போன சீசன் பாதியில் பணம் தீர்ந்து, கடைசி ரவுண்டுகளை வீட்டில் உட்கார்ந்து போனில் பார்த்தான்.

இப்போது ஒரு ஏஜென்ட் பேசுகிறார். ஐரோப்பாவில் ஃபார்முலா 4 சீட் (பணம் கொடுத்து ஒரு அணியின் காரில் ஓட்டும் இடம்), மூன்று ரவுண்டு, அதற்குப் பிறகு ஸ்பான்சர் தானாக வரும் என்கிறார். அப்பாவுக்கு வில்சன் கார்டன் பக்கம் வீல் அலைன்மென்ட் கடை. ஓசூர் பாகலூர் ரோட்டில் வாங்கிப் போட்டிருக்கும் மனையை விற்றுவிடலாம் என்கிறார். அம்மா வீட்டில் யாரிடமும் பேசுவதில்லை. அந்த மனை என் கல்யாணத்துக்கென்று வாங்கியது. அதற்காக நான் தடுக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவனுக்கு உண்மையிலேயே ஒரு வழி இருந்தால் மனை போகட்டும். இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.

கடைசி_கிரிட்

ரேஸுக்கு முன்னால் எத்தனை நாள் டெஸ்ட்? காரை இடித்தால் யார் பணம்? எழுத்தில் ஏதாவது தந்தாரா?

அல்சூர்_அக்கா

டெஸ்ட் ஒரே நாள். இடித்தால் செலவு நம்முடையது. எழுத்தில் எதுவும் இல்லை, எல்லாம் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்தான்.

பிட்லேன்_மெக்கானிக்

அக்கா, நான் ரேஸ் டீம்ல மெக்கானிக்கா இருந்தவன், இப்போ பீன்யாவுல வேலை. மூணு ரவுண்டுக்கு சீட் வாங்காதீங்க. ஏன்னு சொல்றேன்.

தம்பிக்கு டிராக் புதுசு, டயர் புதுசு, இஞ்சினியர் புதுசு. அங்க நிக்கிற பதினாறு வயசுப் பசங்க அதே டிராக்குல குளிர்காலம் பூரா டெஸ்ட் பண்ணிட்டு வந்திருப்பாங்க. தம்பி பிராக்டிஸ்ல டிராக்கைக் கத்துக்கறதுக்குள்ள குவாலிஃபையிங் வந்துரும். பதினெட்டாவதா கிளம்புவான். கூட்டத்து நடுவுல கிளம்பினா முதல் கார்னர்லயே யாராவது மூக்கை உடைப்பாங்க. ஃப்ரன்ட் விங், சஸ்பென்ஷன் ஆர்ம், ரெண்டு வீல், எல்லாத்துக்கும் யூரோவுல பில் வரும். மூணு ரவுண்டு முடிஞ்சா கையில இருக்கறது பதினெட்டு, இருபத்தொண்ணு, ரிட்டயர்டுன்னு ஒரு ரிசல்ட் ஷீட். அதை வச்சுக்கிட்டு எந்த ஸ்பான்சர்கிட்ட போவீங்க? போகாம இருந்திருந்தா "இந்தியாவுல ரேஸ் ஜெயிச்சவன்"னாவது சொல்லலாம்.

வேகமான பையன் இதுல மெதுவான பையனா மாறிடறான், காகிதத்துல. அதுதான் எனக்கு வயிறு எரியுது.

சோழவரம்73

மெக்கானிக் தம்பி சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் எல்லாரும் இப்படிக் கணக்குப் பார்த்திருந்தால் கோயம்புத்தூரிலிருந்து ஃபார்முலா 1 (எஃப்1) வரை போன ஒரு நரேன் கார்த்திகேயன் வந்திருக்க மாட்டார். சோழவரம் விமான ஓடுதளத்தில் வெயிலில் நின்று ரேஸ் பார்த்த தலைமுறை நான். எஃப்1 என்பது எங்களுக்குப் பழைய பத்திரிகைகளில் பார்த்த படம். அங்கிருந்து ஒருவர் போய் அந்தக் காரில் உட்கார்ந்ததைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

அவருடைய வரிசையைப் பாருங்கள். 1992-ல் பிரான்சின் வின்ஃபீல்டு பந்தயப் பள்ளி. 1994-ல் பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு வின்டர் சீரிஸ் பட்டம். 1996-ல் ஃபார்முலா ஆசியா சாம்பியன். 1998 முதல் பிரிட்டிஷ் எஃப்3. 2001-ல் எஃப்1 காரில் டெஸ்ட். ஜோர்டான் அணியில் எஃப்1 சீட் கிடைத்தது 2005-ல், 28 வயதில். வின்ஃபீல்டிலிருந்து எண்ணினால் பதின்மூன்று ஆண்டு. இடையில் எத்தனை பேர் "போதும், வீட்டுக்கு வா" என்று சொல்லியிருப்பார்கள்?

அந்த ஆண்டு இண்டியானாபொலிஸில் மிஷெலின் டயர் அணிகள் விலகி ஆறு கார்கள் மட்டும் ஓடிய பந்தயத்தில் நான்காவதாக வந்தார். ஆறு கார்தானே என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அந்த ஆறில் ஒன்றில் உட்கார்ந்திருந்தது நம்ம ஊர்ப் பையன். எனக்கு அது போதும்.

தரவு_பொறியாளர்

சோழவரம் ஐயா, அதே வரிசையை நான் 2005-க்குப் பிறகும் படிக்கிறேன். அக்காவின் கேள்விக்கு உதவுவது அந்தப் பகுதிதான்.

2006, 2007-ல் வில்லியம்ஸ் அணியின் டெஸ்ட் டிரைவர், ரேஸ் சீட் இல்லை. நாடுகள் அணிகளாக மோதும் ஏ1 ஜிபியில் இந்திய அணிக்காக 2007-ல் சீனாவின் ஜூஹாயிலும், அடுத்த ஆண்டு பிராண்ட்ஸ் ஹாட்ச்சிலும் வெற்றி. 2009-ல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போய், பந்தயத்துக்கு முன் தோள் மூட்டு விலகி ஓட்ட முடியாமல் போனது. 2010-ல் அமெரிக்காவில் நாஸ்கார் டிரக் ரேஸ். 2011-ல் மறுபடி எஃப்1, கடைசி வரிசைகளில் கிளம்பும் அணியான ஹெச்ஆர்டியில். முதல் பந்தயமான ஆஸ்திரேலியாவில் 107 சதவீத விதிக்குள் (தகுதிச் சுற்றின் வேகமான நேரத்தில் 107 சதவீதத்துக்குள் ஓட்ட வேண்டும்) வராமல் தகுதியே பெறவில்லை. எட்டு பந்தயம் முடிந்ததும் அந்த சீட்டில் ரெட் புல் ஆதரவோடு டேனியல் ரிக்கார்டோ உட்கார்ந்தார். 2012 முழு சீசன் ஓட்டினார், ஆண்டு முடிவில் அணியே மூடப்பட்டது. 

அதற்குப் பிறகுதான் நான் அவரை மிகவும் மதிக்கிறேன். ஜப்பானுக்குப் போய் 2014 முதல் 2018 வரை சூப்பர் ஃபார்முலா என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயம். 2019-ல் அங்கேயே கூரையுள்ள கார்களின் சூப்பர் ஜிடி. அந்த நவம்பரில் ஃபூஜியில் நடந்த சூப்பர் ஜிடி – டிடிஎம் (அதே போன்ற ஜெர்மன் பந்தயத் தொடர்) கூட்டுப் பந்தயத்தில் வென்றபோது வயது 42. டிவியில் யாரும் காட்டாத ஆண்டுகள் அவை. ஒரு தொழில்முறை ஓட்டுநரின் வாழ்க்கை என்றால் எனக்கு அந்த ஆண்டுகள்தான். 

இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவருடைய அப்பா முன்னாள் தேசிய ராலி சாம்பியன். பின்னால் டாடா போன்ற ஸ்பான்சர்கள் இருந்தார்கள். வீல் அலைன்மென்ட் கடை வருமானத்தை அதோடு ஒப்பிடுவது அந்த அப்பாவுக்கு நாம் செய்யும் அநியாயம்.

சோழவரம்73

ஸ்பான்சர் முதல் நாளே வரவில்லையே. ஓட்டிக் காட்டிய பிறகுதான் வந்தார்கள்.

தரவு_பொறியாளர்

ஆமாம் ஐயா. ஓட்டிக் காட்டும் அளவுக்கு ஆண்டுகள் கிடைத்தன. இங்கே கேட்பது மூன்று ரவுண்டு.

ஃபார்முலா 4, எஃப்3, எஃப்2, எஃப்1 என்று ஏறும் ஏணியின் கணக்கையும் போட்டுவிடுகிறேன், அக்கா அப்பாவிடம் காட்டட்டும். ஃபார்முலா 4-ல் 15 வயதிலேயே ஓட்டலாம், மேலே போக நினைப்பவர்கள் 17-க்குள் அதை முடித்துவிடுகிறார்கள். எஃப்1-க்கு சூப்பர் லைசென்ஸ் வேண்டும். மூன்று ஆண்டுக்குள் 40 புள்ளி சேர்க்க வேண்டும், அவை பெரும்பாலும் எஃப்3, எஃப்2 பட்டியலின் மேல் இடங்களில் கிடைப்பவை. எஃப்3 ஒரு சீசன் நம் பணத்தில் பத்துக் கோடியைத் தொடும். எஃப்2 இருபது கோடிக்கு மேல். இதெல்லாம் ஓட்டுநர் கொண்டுவர வேண்டிய பணம். அவருக்குத் தரும் பணம் இல்லை.

அப்படிக் கொண்டுவந்தும் என்ன ஆகிறது? மும்பையின் ஜெஹான் தாருவாலா எஃப்2-வில் நான்கு சீசன் ஓட்டி நான்கு பந்தயம் ஜெயித்தவர், ரெட் புல்லின் இளம் ஓட்டுநர் திட்டத்தில் இருந்தவர். எஃப்1 ரேஸ் சீட் வரவில்லை. நம்ம பெங்களூரு அர்ஜுன் மைனி 2018-ல் எஃப்2 ஓட்டினார், பிறகு எல்எம்பி2 என்னும் நெடுநேரப் பந்தய கார், 2021 முதல் ஜெர்மனியின் டிடிஎம். அவர் தம்பி குஷ் மைனி 2025-ல் மொனாகோ எஃப்2 ஸ்பிரின்ட் பந்தயத்தில் ஜெயித்தார், அந்த ஊரில் எஃப்2 பந்தயம் வென்ற முதல் இந்தியர். மைனி குடும்பம் பெங்களூரில் ரேவா மின்சார காரைக் கொண்டுவந்த குடும்பம். அந்தப் பின்னணியோடும் இத்தனை போராட்டம். ஃபோர்ஸ் இந்தியா என்று ஒரு அணியே 2008 முதல் 2018 வரை எஃப்1-ல் ஓடியது, நம் பெயரை வைத்துக்கொண்டு. அதன் ரேஸ் காரில் ஒரு இந்திய ஓட்டுநர் ஒரு கிராண்ட் பிரியில்கூட ஓட்டியதில்லை.

23 வயதில் ஒற்றை இருக்கை ஏணியில் முதல் படியை விலை கொடுத்து வாங்குவது தம்பிக்கு வழி இல்லை.

கோரமங்களா_வேகம்

அஜித் சார் ஐம்பது வயதுக்கு மேல் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அணியோடு போடியம் ஏறினார். வயது ஒரு தடையா?

கடைசி_கிரிட்

அவர் சொந்தமாக அணி வைத்து ஓட்டுகிறார். 2003-ல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியா, 2010-ல் ஐரோப்பாவில் ஃபார்முலா டூ என்று அவரும் ஒற்றை இருக்கையில் முயன்றவர்தான். 2025 ஜனவரியில் துபாயில் அவர் அணி போர்ஷே கார்களுக்கான 991 வகுப்பில் மூன்றாவதாக வந்தது. நான் மதிக்கிறேன். ஆனால் அவர் ஓட்டும் பந்தய வகைதான் தம்பிக்கும் கதவு என்பதைக் கவனியுங்கள், வேறு பக்கத்திலிருந்து.

ஜிடி பந்தயங்களில் (சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்களை ரேஸுக்கு மாற்றி ஓட்டுவது) ஒரு காரை இரண்டு, மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ ஓட்டுநர்களை பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ் என்று பிரித்திருக்கிறது. பல பந்தயங்களில் காருக்கு ஒரு பிரான்ஸ் ஓட்டுநராவது இருக்க வேண்டும் என்று வகுப்பு வைத்திருக்கிறார்கள். பிரான்ஸ் என்றால் பெரும்பாலும் தொழிலதிபர், நடுவயதில் ஓட்ட வந்தவர். செலவு அவருடையது. அவரோடு ஓட்ட வேகமான ஒருவர் வேண்டும். முப்பது வயதுக்குள் இருக்கும் பையனுக்குப் பெரும்பாலும் சில்வர் கிடைக்கும். வேகமான சில்வரை அணிகள் தேடும்.

வேகம் மட்டும் போதாது. அந்தத் தொழிலதிபர் ஏன் மூன்றாவது வளைவில் ஒரு வினாடி விடுகிறார் என்று டெலிமெட்ரியை (காரின் வேகம், பிரேக் பதிவுகள்) திறந்து, பிரேக் கோட்டைக் காட்டி, அவர் மனம் நோகாமல் சொல்லத் தெரிய வேண்டும். அவர் காரை மண்ணில் இறக்கிவிட்டு வந்தால் பொறுமையாக அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். உங்கள் தம்பி தினமும் கார்ட்டிங் டிராக்கில் செய்யும் வேலை இதுதான் அக்கா. அதைத் தோற்றவன் பார்க்கும் வேலையாக அவன் நினைத்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து சொல்லுங்கள், அதுதான் அவன் கையில் இருக்கும் சம்பளத் தொழில்.

கார்ட்டிங்_அம்மா

ஒரு விஷயம், யாரும் சொல்லவில்லை. என் மகன் ஓட்டுகிறான், அதனால் தேடிப் படித்தேன். சாதாரண ஹெல்த் பாலிசியில் ஒன்பதாவது பொது விலக்கு என்று ஒன்று இருக்கும். ஆபத்தான விளையாட்டில் தொழில்முறையாகப் பங்கேற்று அடிபட்டால் சிகிச்சைச் செலவு கிடைக்காது, அந்தப் பட்டியலில் மோட்டார் ரேஸிங் பெயர் சொல்லியே இருக்கிறது. காப்பீட்டுக் கட்டுப்பாட்டு அமைப்பான ஐஆர்டிஏஐ வகுத்த ஒரே வாசகம், எந்த கம்பெனியிலும் அதேதான். ரேஸ் நடத்துபவர்கள் என்ன காப்பீடு எடுத்திருக்கிறார்கள், எவ்வளவு தொகை, வீட்டுக்கு வந்த பிறகு பிசியோதெரபிக்கு வருமா என்று கேட்டு வாங்குங்கள். ஐரோப்பா என்றால் இரண்டு மடங்கு அவசியம். நம்ம பெங்களூரு சி.எஸ். சந்தோஷ் 2021 டக்கார் ராலியில் விழுந்து ரியாத் மருத்துவமனையில் கிடந்தபோது, பின்னால் ஒரு பெரிய கம்பெனி அணி இருந்தது. தம்பிக்கு யார் இருக்கிறார்கள்?

அம்மா ஏன் பேசாமல் இருக்கிறார் என்று எனக்குப் புரிகிறது. அவரிடம் போய் இந்தக் காகிதத்தைக் காட்டி, "இதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்வோம்" என்று சொல்லுங்கள்.

ஓசூர்_ரைடர்

நான் பைக் பக்கம். பைக்ல சம்பள சீட் இருக்கு. ஓசூர்ல டிவிஎஸ் ரேஸிங் 1982-ல இருந்து நடக்குது, கம்பெனி ரைடர்னா பைக், டயர், மெக்கானிக் எல்லாம் அவங்க. கார்ல நம்ம நாட்டுல அந்த அமைப்பே வளரல. எல்ஜிபி ஃபார்முலா கோயம்புத்தூர் செயின் கம்பெனி பேர்ல நடக்குது, காருக்கு மாருதி ஸ்விஃப்ட் இஞ்சின், டயர் கம்பெனிங்க சாம்பியன்ஷிப் நடத்துறாங்க. எல்லாம் இருக்கு. டிரைவர் மட்டும் கைக்காசு போட்டு ஓட்டணும். இதை மாத்தாம எத்தனை நரேன் வேணும்னு கேட்டாலும் வர மாட்டாங்க.

தம்பிக்கு ஒரு யோசனை. டெஸ்ட் டிரைவர் வேலை. ஒரகடத்துல வாகன ஆராய்ச்சி மையத்தோட டிராக் இருக்கு, பீதம்பூர்ல நாட்ராக்ஸ் 11.3 கிலோமீட்டர் ஹை ஸ்பீடு டிராக். டயர் கம்பெனி, கார் கம்பெனி எல்லாத்துக்கும் டெஸ்ட் ஓட்ட ஆள் வேணும். ஒரே லேப்பை ஒரே மாதிரி திரும்பத் திரும்ப ஓட்டி, எந்த டயர் எங்க வழுக்குதுன்னு வார்த்தையில சொல்லத் தெரியணும். ரேஸ் ஓட்டினவனுக்கு அது வரும். மாசம் பிறந்தா சம்பளம், பிஎஃப் எல்லாம் உண்டு.

தம்பி_நான்தான்

அக்கா இந்த இழையைக் காட்டினாள். எல்லாருக்கும் நன்றி. நானே எழுதறேன்.

எஃப்1 போகணும்ங்கிற எண்ணம் எனக்குப் பதினாறு வயசுலயே போயிடுச்சு, அப்பாவுக்குத்தான் இன்னும் போகல. எனக்கு வேண்டியது ஒண்ணு, ஓட்டினதுக்கு ஒருத்தர் காசு தரணும்.

கஷ்டம் எங்க இருக்குன்னு சொல்றேன். ரேஸுக்கும் ரேஸுக்கும் நடுவுல நான் அந்தக் கார்ல உட்காரவே மாட்டேன். காசுள்ள பையன் நடுவாரத்துல டிராக்கை வாடகைக்கு எடுத்து டெஸ்ட் பண்றான். ஸ்ரீபெரும்புதூர்ல வெள்ளிக்கிழமை முதல் செஷன்ல அவன் லேப் டைம் போட்டுட்டிருப்பான், நான் சி1-ல, அதாவது முதல் கார்னர்ல, எங்க பிரேக் பிடிக்கறதுன்னு தேடிட்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை ரெண்டாவது ரேஸ்ல அவன் வேகத்துக்கு வந்துடறேன். அப்போ வீக்கெண்டு முடிஞ்சுடும். புது டயர் எப்போ போடறதுன்னு தினம் கணக்கு. குவாலிஃபையிங்ல பழைய டயர்ல நாலாவது வந்தா யாரும் "பழைய டயர்ல நாலாவது"ன்னு எழுத மாட்டாங்க. இடிச்சா காசுங்கிற பயம் இருக்கே, அது கைக்குத் தெரிஞ்சிடுது. பக்கத்துல உள்ளே நுழைய இடம் இருக்கும், கை போகாது. அந்த ஒரு இடத்தை விட்டதுக்கு ராத்திரி பூரா தூக்கம் வராது.

சொந்தக்காரங்க கேட்டா அப்பா "ரேஸ் டிரைவர்"னு சொல்றார். நான் "டிராக்ல வேலை"ன்னு சொல்றேன்.

கடைசி_கிரிட் அண்ணா எழுதினதை நான் ரெண்டு தடவை படிச்சேன். இன்ஸ்ட்ரக்டர் வேலையை நான் அப்படிப் பார்த்ததே இல்ல. என்கிட்ட ஆன்போர்டு வீடியோவும், டீம் லாகர்ல (கார் டேட்டாவைப் பதிவு பண்ற கருவி) இருந்து எடுத்த டேட்டா ஃபைலும் இருக்கு. இதை யார்கிட்ட, எப்படிக் கொண்டு போறது?

தரவு_பொறியாளர்

பயத்தால் விட்ட இடங்களைப் பற்றி எழுதியது எனக்கு வலித்தது தம்பி. அது டேட்டாவில் தெரியும், உங்கள் திறமைக் குறைவாகத் தெரியாது. ஓரிடத்தில் மட்டும் பிரேக் பத்து மீட்டர் முன்னால் விழும், மற்ற இடமெல்லாம் சீராக இருக்கும்.

ஃபைல்களை வைத்து இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, உங்கள் அணியில் உங்களைவிட வேகமானவர் ஒருவரின் லேப்போடு உங்கள் லேப்பை மேலே மேலே வைத்து ஒப்பிட்டு, எங்கே இழந்தேன், ஏன் என்று அரைப் பக்கம் எழுதுங்கள். இரண்டு, நீங்கள் பயிற்சி கொடுத்த யாராவது ஒருவரின் முதல் நாள் லேப்பும் பத்தாவது நாள் லேப்பும், அவர் அனுமதியோடு. ஜிடி அணிக்கு இரண்டாவது முக்கியம். டெஸ்ட் டிரைவர் வேலைக்கு முதலாவது முக்கியம். போடியம் படம் கடைசியில் போதும்.

பிராண்டு_பக்கம்

விளம்பரத் துறையில் இருக்கிறேன், ஸ்பான்சர் கேட்டு வரும் கோப்புகளைப் பார்ப்பவன். காரில் ஸ்டிக்கர் இடம் விற்காதீர்கள், தேசியப் பந்தயத்தை டிவியில் பார்ப்பவர் குறைவு. ஜே.சி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்கள், டயர் டீலர்கள், கேரேஜ் வைத்திருப்பவர்கள், இவர்களுக்கு அப்பாவை ஏற்கெனவே தெரியும். அவர்களுடைய வாடிக்கையாளர்களை ஒரு ஞாயிறு கார்ட்டிங் டிராக்குக்கு அழைத்து, நீங்களே ஓட்டக் கற்றுக்கொடுங்கள். அப்படி நாலைந்து கடை சேர்ந்தால் ஒரு தேசிய சீசனின் டயர் செலவு வரும். பெரிய பிராண்டு பெயருக்காக ஆறு மாதம் காத்திருப்பதை விட இது நடக்கும்.

அல்சூர்_அக்கா

நேற்று ராத்திரி அப்பா, அம்மா, தம்பி எல்லாரும் உட்கார்ந்து முழு இழையையும் படித்தோம். அம்மா காப்பீட்டுப் பகுதியை மறுபடி படிக்கச் சொன்னார். ஏஜென்ட்டிடம் ஒப்பந்தத்தை எழுத்தில் கேட்டோம். டெஸ்ட் நாட்கள் எத்தனை, சேதச் செலவுக்கு உச்சவரம்பு எவ்வளவு, காப்பீடு யாருடையது, மூன்றும் அதில் இருக்க வேண்டும் என்று சொன்னோம். "நம்பிக்கை இல்லாவிட்டால் சீட் வேறு பையனுக்குப் போய்விடும்" என்று பதில் வந்தது. அப்பா போகட்டும் என்றார்.

சோழவரம்73

அது சரியான முடிவுதான் அம்மா. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், எழுத்தில் ஒப்பந்தம், நல்ல அணி, முழு சீசன் என்று வந்தால் 23 வயதானாலும் போ என்றுதான் சொல்வேன்.

பிட்லேன்_மெக்கானிக்

முழு சீசனுக்கு அந்த மனை போதாது சார்.

சோழவரம்73

தெரியும் தம்பி. அதனால்தான் இது கோபமாக வருகிறது. 1953-ல் தொடங்கிய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சென்னையில் இருக்கிறது, நாட்டில் டிராக்குகள் இருக்கின்றன, 2024-ல் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயமே நடத்தினோம். ஜெயிக்கிற பையனுக்கு அடுத்த சீசனை இலவசமாகக் கொடுக்கும் ஒரு ஏற்பாட்டை இந்தத் தொழிலில் சம்பாதிக்கும் கம்பெனிகள் எல்லா மட்டத்திலும் செய்ய வேண்டும்.

கடைசி_கிரிட்

தம்பி, தேசிய சீசன் முழுதும் ஓட்டு, பாதியில் நிற்காதே. பாதி சீசன் புள்ளிப் பட்டியலில் உன் பெயர் கீழே கிடக்கும், காரணம் அங்கே எழுதியிருக்காது. ஜிடி4 கார் வைத்திருக்கும் ஒருவர் தனக்குக் கோச் தேடுகிறார். ஞாயிறு காலையில் நேரம் இருந்தால் தனிச் செய்தியில் எழுது, லாகர் ஃபைலோடு வா. லேப்டாப்பும் கொண்டு வா, அவரிடம் இல்லை.

தம்பி_நான்தான்

ஞாயிறு காலை எனக்கு டியூட்டி அண்ணா. சனிக்கிழமைக்கு மாத்திக் கேட்கறேன், இன்னைக்கே செய்தி போடறேன்.